1,28,000 கி.மீ ஓடிய ஆட்டோமேட்டிக் கார்... வாங்கலாமா, வேண்டாமா?

"யாராச்சும் வந்தா போலாம்."

கடந்த ஒரு வருஷமாக எங்கள் வீட்டில் அதிகம் கேட்ட வாக்கியம் இதுதான். சொன்னது என் அம்மா.

கிணத்துக்கடவில் எங்கள் தெருவில் முதலில் கார் ஓட்டிய பெண் அவர். தோப்புக்கு உரம் வாங்கப் போவது, என்னை பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடுவது, ஆனைமலையில் இருக்கும் அம்மாயியைப் பார்த்துவிட்டு வருவது, எல்லாமே அவர்தான். போன வருஷம் இடது முழங்கால் மக்கர் பண்ணியது. "கிளட்ச் மிதிக்கிறதைக் குறைங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். குறைப்பது எப்படி? கிளட்சைப் பாதி மிதித்து கியர் போட முடியாதே! சாவியை ஆணியில் மாட்டியவர், அதன்பிறகு எடுக்கவில்லை. பொள்ளாச்சியில் பிசியோதெரபிக்குப் போவதற்குக்கூட அப்பாவோ, மாமாவோ வரவேண்டும்.

தீர்வு எல்லோருக்கும் தெரிந்ததுதான். கிளட்ச் இல்லாத கார், அதாவது ஆட்டோமேட்டிக். ஆனால், தேங்காய் விற்ற பணமும் என் சேமிப்பும் சேர்த்து எங்களிடம் இருந்த தொகைக்கு, ஏழு பேர் உட்காரும் புது ஆட்டோமேட்டிக் கார் வராது. செகண்ட் ஹேண்ட்தான். தேடியதில் ஒரே மாடலில் இரண்டு கார்கள் கிடைத்தன.

முதல் கார், 46,000 கி.மீ ஓடியது. கோவை டவுனுக்குள்ளேயே ஓடிய, ஒரே ஓனர் வண்டி. சீட் கவர்கூடக் கசங்கவில்லை.

இரண்டாவது கார், 1,28,000 கி.மீ ஓடியது. நூல் வியாபாரம் செய்பவர், தினமும் பாலக்காடு, திருச்சூர் என்று ஓட்டியிருக்கிறார். பம்பரில் கீறல். விலை ஒரு லட்சம் குறைவு.

"இதுல யோசிக்கிறதுக்கு என்ன இருக்கு மாப்ள? ஒரு லட்சத்துக்கு மேல ஓடுன ஆட்டோமேட்டிக்கைத் தொடவே கூடாது. கியர்பாக்ஸ் போச்சுன்னா காரு விலையில பாதி போயிரும்" என்றார் மாமா. அப்பாவும் தலையாட்டினார். உண்மையைச் சொல்லணும்னா, நானும்தான்.

மணிக்கணக்கு தெரியுமா?

பொள்ளாச்சி ரோட்டில் 20 வருஷத்துக்கு மேலாகப் பட்டறை வைத்திருக்கும் ஒரு அண்ணனிடம் அப்பா யோசனை கேட்டார். அவர் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்டார்.

"ஏனுங்கண்ணா, உங்க டிராக்டர்ல ஆயில் எப்ப மாத்துவீங்க?"

"மணிக்கணக்கு மீட்டரைப் பார்த்துத்தான்."

"கிலோமீட்டர் பார்க்க மாட்டீங்களா?"

"டிராக்டருக்கு ஏது கிலோமீட்டர்? நின்ன எடத்துல ரொட்டவேட்டர் சுத்துனாலும் இன்ஜின் ஓடிட்டுத்தானே இருக்கும்..."

சொல்லி முடிப்பதற்குள் அப்பாவுக்கே விஷயம் புரிந்துவிட்டது.

நீங்களும் ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். டவுன் டிராஃபிக்கில் சிக்னல், நெரிசல் எல்லாம் சேர்த்து சராசரியாக மணிக்கு 15 கி.மீ வேகம் என்று வைத்துக்கொள்வோம். 46,000 கி.மீ ஓட அந்தக் காருக்கு 3,000 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஹைவேயில் ஓடிய கார் சராசரியாக 50 கி.மீ வேகத்தில் போயிருந்தால், 1,28,000 கி.மீ ஓட 2,560 மணி நேரம்தான். மீட்டரில் மூன்று மடங்கு 'கிழடாக'த் தெரியும் கார், உழைத்த நேரத்தில் இளையது!

அதோடு முடியவில்லை. எப்படிப்பட்ட மணி நேரம் என்பதும் முக்கியம். அதற்கு, டப்பாவுக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆட்டோமேட்டிக்கில் நாலு ஜாதி

'ஆட்டோமேட்டிக்' என்று ஒரே பெயரில் அழைத்தாலும், இந்தியச் சாலைகளில் நான்கு வகைகள் ஓடுகின்றன. ஆயுளும் பராமரிப்பும் நான்குக்கும் வேறு வேறு.

1. டார்க் கன்வெர்ட்டர்: 1939-ல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ், 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களுக்காக 'ஹைட்ரா-மேட்டிக்' என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைக் கொண்டுவந்தது. அந்த வம்சத்தில் வளர்ந்து வந்ததுதான் இன்றைய டார்க் கன்வெர்ட்டர் வகை. இரண்டு டேபிள் ஃபேன்களை எதிரெதிரே வைத்து ஒன்றை ஓடவிட்டால், அந்தக் காற்றில் மற்றொன்றும் சுற்றும் இல்லையா? அதே தத்துவம்தான். காற்றுக்குப் பதில் ஆயில். இன்ஜினுக்கும் கியர்களுக்கும் நடுவே கிளட்ச் பிளேட் தேய்வதற்குப் பதிலாக, ஆயில்தான் சக்தியைக் கடத்துகிறது. 2016-ல் வந்த இன்னோவா கிரிஸ்டா, 2022 முதல் 6 கியர்களோடு வரும் மாருதி எர்டிகா ஆகியவற்றின் ஆட்டோமேட்டிக் இந்த வகை. ஆயிலை ஒழுங்காக மாற்றி வந்தால் 2 லட்சம் கி.மீ தாண்டுவது இவற்றுக்குச் சாதாரணம்.

2. ஏ.எம்.டி: 2014-ல் மாருதி செலேரியோ மூலம் நம் ஊரில் பரவியது. கியர்பாக்ஸ் அதே மேனுவல்தான். கிளட்சை மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் உங்களுக்குப் பதில் ஒரு கருவி செய்கிறது. அதனால், மேனுவல் காரில் கிளட்ச் பிளேட் தேய்வதுபோலவே இதிலும் தேயும். பிளேட் போனால் கியர்பாக்ஸே போய்விட்டது என்று பதறத் தேவையில்லை. அது மாற்றக்கூடிய பாகம்தான். வாங்கும்போது கிளட்ச் எப்போது மாற்றியது என்று கேட்டாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

3. சி.வி.டி: இது உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஆள்! 1984-ல் வந்த கைனெடிக் ஹோண்டா முதல் இன்றைய ஆக்டிவா வரை, கியர் இல்லாத ஸ்கூட்டர்களில் இருப்பது இதன் தம்பி. இரண்டு புல்லி, நடுவே ஒரு பெல்ட். ஸ்கூட்டரில் ரப்பர் பெல்ட். ஹோண்டா சிட்டி போன்ற கார்களில் இரும்பு பெல்ட், அது ஓடுவதற்கென்றே தனி ஆயில். ஓட்ட வெண்ணெய்போல இருக்கும். ஆனால், ஆயிலைக் கவனிக்காவிட்டால் பெல்ட் வழுக்கி, புல்லியில் கீறல் விழும். அமெரிக்காவில் நிஸான் நிறுவனம், 2013 முதல் 2016 வரையிலான ஆல்டிமா கார்களின் சி.வி.டி-க்கு வாரன்ட்டியை 60,000 மைலில் இருந்து 84,000 மைலாக, அதாவது சுமார் 1,35,000 கி.மீ வரை நீட்டிக்க வேண்டி வந்தது.

4. டி.சி.டி: இரண்டு கிளட்ச். ஒன்று ஒற்றைப்படை கியர்களுக்கு, மற்றொன்று இரட்டைப்படை கியர்களுக்கு. கண் இமைக்கும் நேரத்தில் கியர் மாறும். ஃபோக்ஸ்வாகன் இதை டி.எஸ்.ஜி என்கிறது. வேகப் பிரியர்களுக்குப் பிடிக்கும். ஊர்ந்து போகும் டிராஃபிக்குக்கு அவ்வளவாகப் பிடிக்காது. குறிப்பாக 'டிரை கிளட்ச்' வகையில் கிளட்சைக் குளிர்விக்க ஆயில் கிடையாது. அரை கிளட்சில் நகர நகரச் சூடு ஏறும்.

இதில் சேராத ஐந்தாவது ஒருவர் உண்டு. டொயோட்டாவின் ஹைபிரிட் கார்களில் இருக்கும் இ-சி.வி.டி. பெயரில் சி.வி.டி இருந்தாலும் உள்ளே பெல்ட் இல்லை, பல்சக்கரங்களும் மோட்டாரும்தான். 2011-ல் அமெரிக்காவின் 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்', 2 லட்சம் மைல், அதாவது 3.2 லட்சம் கி.மீ தாண்டிய 2002 மாடல் பிரியஸ் காரைச் சோதித்தது. வேகத்திலும் மைலேஜிலும் புதுசுக்கு ஏறத்தாழ இணையாகவே இருந்தது அந்தக் கார்.

வில்லன் பெயர் சூடு

டார்க் கன்வெர்ட்டரில் இரண்டு ஃபேன்கள் என்றேன் அல்லவா? ஹைவேயில் சீராகப் போகும்போது, உள்ளே இருக்கும் 'லாக்-அப்' கிளட்ச் அந்த இரண்டையும் ஒன்றாகப் பூட்டிவிடும். வழுக்கல் இல்லை, சூடும் குறைவு. டவுனில் நின்று நின்று போகும்போது பூட்டு திறந்தே இருக்கும். ஒன்று வேகமாகச் சுற்ற, மற்றொன்று தயங்க, நடுவில் மாட்டிக்கொண்ட ஆயில் கடைந்துகொண்டே இருக்கும். அந்தக் கடைசல் எல்லாம் சூடாக மாறும்.

சூடு ஆயிலை என்ன செய்யும்? பலகாரம் சுட்ட எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் என்ன ஆகிறதோ, அதேதான். கறுக்கும், நாறும், பிசுபிசுக்கும். வெப்பநிலை ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஆயில் கெடும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பொறியாளர்கள் சொல்லும் பொதுவான கணக்கு. இந்த ஆயில் வெறுமனே வழவழப்புக்கு இல்லை. சக்தியைக் கடத்துவது, கியர் மாற்றும் அழுத்தத்தைக் கொடுப்பது, சூட்டை வெளியே எடுத்துப்போவது, எல்லாமே அதன் வேலை. ஆயில் கெட்டால் உள்ளே எல்லாமே கெடும்.

இதற்கு உலகமே பார்த்த உதாரணம் ஒன்று உண்டு. 2013 நவம்பரில் ஃபோக்ஸ்வாகன், 7 கியர் டி.எஸ்.ஜி பொருத்திய சுமார் 16 லட்சம் கார்களை உலகம் முழுக்கத் திரும்ப அழைத்தது. எதற்குத் தெரியுமா? ஆயில் மாற்ற! வெப்பமும் ஈரமும் அதிகமான ஊர்களில், உள்ளே ஊற்றியிருந்த சிந்தெடிக் ஆயிலால் எலெக்ட்ரானிக் பாகத்தில் கோளாறு வரலாம் என்பதால், அதை மினரல் ஆயிலாக மாற்றிக் கொடுத்தார்கள். வெயிலும் ஈரமும் உள்ள ஊர் என்றால், நம் ஊரையும் சேர்த்துக்கொள்ளலாம்தானே?

'லைஃப் டைம் ஆயில்'... யாருடைய லைஃப்?

"இந்த கியர்பாக்ஸுக்கு ஆயிலே மாத்த வேண்டாம், லைஃப் டைம்" என்று சிலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். சில கார்களின் மேனுவலிலேயே அப்படித்தான் இருக்கும்.

ஆனால், பெரிய பெரிய கார்களுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் செய்துதரும் ஜெர்மனியின் இசட்.எஃப் நிறுவனம், ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கி.மீ-க்குள் ஆயிலை மாற்றச் சொல்கிறது. இந்த நிறுவனம் நமக்குத் தூரத்துச் சொந்தமும்கூட. காற்றாலைகளுக்கான கியர்பாக்ஸ்களை அது தயாரிக்கும் ஆலை நம் கோவையில்தான் இருக்கிறது. பல்சக்கரத்தைச் செய்பவரே ஆயில் மாற்று என்கிறபோது, வாங்குகிற நாம் வேண்டாம் என்பது சரியாகுமா?

உங்கள் கார் மேனுவலை எடுத்துப் பாருங்கள். 'கடுமையான பயன்பாடு' என்று தனியாக ஒரு அட்டவணை இருக்கலாம். தொடர் டிராஃபிக், மலைப்பாதை, அதிக வெயில், முழு லோடு, எல்லாம் அதில் வரும். நமக்குப் பொருந்துவது அந்த அட்டவணைதான்.

இன்னொரு முக்கியமான விஷயம். சிவப்பாக இருப்பதெல்லாம் ஒரே ஆயில் இல்லை. டார்க் கன்வெர்ட்டருக்கு ஊற்றுவதை சி.வி.டி-யில் ஊற்றினால் கியர்பாக்ஸுக்கு நீங்களே விஷம் வைத்த மாதிரி. மேனுவலில் எந்தப் பெயர் போட்டிருக்கிறதோ, அது மட்டும்தான்.

டெஸ்ட் டிரைவில் நடந்தது

ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு கார்களையும் பட்டறை அண்ணனோடு போய்ப் பார்த்தோம். அவர் செய்ததை அப்படியே எழுதுகிறேன். நீங்கள் கார் பார்க்கப் போகும்போது உதவும்.

* இன்ஜின் ஆறியிருக்கும்போதே போனார். சூடாக்கி வைத்த காரில் பல குறைகள் மறைந்துவிடும்.

* பிரேக்கை மிதித்தபடி 'பி'-யில் இருந்து 'டி', 'டி'-யில் இருந்து 'ஆர்' என்று மாற்றினார். ஒரு நொடிக்குள் வண்டி 'பிடிக்க' வேண்டும். தாமதித்து டொக் என்று பிடித்தால் ஆபத்து.

* 40 முதல் 60 கி.மீ வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை லேசாக மட்டும் கொடுத்தார். கரடுமுரடான ரோட்டில் போவதுபோல அதிர்ந்தால் டார்க் கன்வெர்ட்டரோ, ஆயிலோ சரியில்லை.

* கியர் மாறும்போது இன்ஜின் மட்டும் சத்தமாக உறுமி, வேகம் கூடாமல் இருக்கிறதா என்று கவனித்தார். அப்படி இருந்தால் உள்ளே வழுக்குகிறது.

* மேட்டில் ரிவர்ஸ் எடுத்தார்.

* கடைசியில் ஸ்கேனர் போட்டு, கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரில் பழைய கோளாறு பதிவுகள் உண்டா என்று பார்த்தார்.

46,000 கி.மீ கார், 'டி' போட்டதும் ஒரு கணம் யோசித்தது. 50 கி.மீ வேகத்தில் லேசாக உதறியது. சர்வீஸ் ரசீது கேட்டதற்கு, "வீட்ல எங்கயோ இருக்குதுங்க" என்றார் விற்பவர். 1,28,000 கி.மீ கார் எதுவுமே நடக்காததுபோல ஓடியது. அந்த நூல் வியாபாரி ஒரு ஃபைலை நீட்டினார். 58,000 கி.மீ-ல் ஒரு முறை, 1,14,000-ல் ஒரு முறை கியர்பாக்ஸ் ஆயில் மாற்றிய ரசீதுகள் இருந்தன. ரசீதில் இருக்கும் கி.மீ கணக்கு, ஓடோமீட்டரைத் திருப்பிவிட்டார்களா என்று காட்டும் சாட்சியும்கூட.

"காரு என்ன ஓடுச்சுன்னு மீட்டர் சொல்லும் அம்மிணி. எப்படி ஓடுச்சுன்னு இந்தக் காயிதம்தான் சொல்லும்" என்றார் அண்ணன், என்னைப் பார்த்து.

அதற்காக, ஒரு லட்சம் தாண்டிய எல்லா கார்களும் தங்கம் என்று அர்த்தமில்லை. ரசீது இல்லாத ஹைவே காரும் சந்தேகத்துக்குரியதுதான். ரசீதும் இல்லை, உதறலும் உண்டு என்றால், எத்தனை கி.மீ ஆக இருந்தாலும் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். ஆயில் மாற்றும் செலவு சில ஆயிரங்கள். கியர்பாக்ஸைக் கழற்றினால் கதை லட்சத்தைத் தொடலாம்.

பழைய காருக்குப் புது ஆயில் ஊற்றலாமா?

"இத்தனை வருஷம் மாத்தாத வண்டிக்கு இப்ப மாத்துனா கியர்பாக்ஸ் நின்னுரும்" என்று ஒரு பயம் பரவலாக இருக்கிறது. இதில் பாதி உண்மை. உள்ளே கிளட்ச் பிளேட்கள் ஏற்கெனவே தேய்ந்துபோன வண்டியில், தேய்ந்த தூள் கலந்த பழைய ஆயிலின் சொரசொரப்பில்தான் பிடிப்பே ஓடிக்கொண்டிருக்கும். புது ஆயில் வந்ததும் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆயில் கெடுக்கவில்லை, முன்பே கெட்டிருந்ததைக் காட்டிக்கொடுத்தது. அதனால் நீண்ட நாள் மாற்றாத வண்டிக்கு, மெஷின் போட்டு மொத்தமாக ஃப்ளஷ் பண்ணுவதைத் தவிர்த்து, அடியில் இருக்கும் நட்டைத் திறந்து வடிகிற அளவை மட்டும் மாற்றுவது பாதுகாப்பு. ஒரு முறையில் முழு ஆயிலும் வடியாது. கொஞ்சம் ஓட்டிவிட்டு மறுபடி ஒரு முறை மாற்றிக்கொள்ளலாம்.

ஆயுளைக் கூட்டும் 5 பழக்கங்கள்

1. மேட்டில் நிறுத்தும்போது முதலில் ஹேண்ட் பிரேக், பிறகு 'பி'. இல்லையென்றால் மொத்த வண்டியின் எடையும் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் ஒரு சின்ன கொக்கியில் தொங்கும்.

2. வண்டி முழுதாக நின்ற பிறகே 'டி'-யில் இருந்து 'ஆர்'. பார்க்கிங் அவசரத்தில் பலரும் செய்யும் தப்பு இது.

3. மேட்டில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தே வண்டியை நிறுத்தி வைக்காதீர்கள். பிரேக் எதற்கு இருக்கிறது? ஏ.எம்.டி, டி.சி.டி கார்களின் கிளட்ச் கருகுவது பெரும்பாலும் இப்படித்தான்.

4. ஆழியாறில் இருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது மேனுவல் மோடில் குறைந்த கியர் போட்டால், கியர் மாறி மாறிச் சூடாவது குறையும். இறங்கும்போதும் அதே குறைந்த கியர்தான். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குவது, கியர்பாக்ஸுக்கு மட்டுமல்ல, உயிருக்கும் ஆபத்து.

5. வழியில் நின்றுவிட்டால் கயிறு கட்டி இழுக்க வேண்டாம். இன்ஜின் ஓடாதபோது பல ஆட்டோமேட்டிக் கார்களில் ஆயில் பம்ப்பும் ஓடாது. சக்கரம் சுற்ற, உள்ளே காய்ந்தபடி எல்லாம் தேயும். லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

காலண்டரில் ஒரு எண்

எந்த காரை வாங்கினோம் என்று சொல்லவே தேவையில்லை. மாமாவுக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை. "பார்க்கலாம், பார்க்கலாம்" என்கிறார்.

முதல் நாள் அம்மாவின் இடது கால், இல்லாத கிளட்சைத் தேடிக்கொண்டே இருந்தது. ஒரு முறை பிரேக்கை கிளட்ச் என்று நினைத்து அந்தக் காலால் ஓங்கி மிதித்து, பின் சீட்டில் இருந்த நான் முன் சீட்டில் முட்டிக்கொண்டேன். மேனுவலில் இருந்து மாறுகிறவர்கள் எல்லோருக்கும் இது நடக்கும். இடது காலை ஓரமாக ஓய்வெடுக்க விட்டுவிடுங்கள். ஆக்ஸிலரேட்டர், பிரேக் இரண்டுக்குமே வலது கால்தான்.

மூன்றாம் நாள் அவரே தனியாகப் பொள்ளாச்சி போய்விட்டு வந்தார். அடுத்த வாரம் ஆனைமலை. சாயங்காலம் போன் செய்து, "அம்மாயி ராத்திரி தங்கச் சொல்றாங்க கண்ணு, நாளைக்கு வாறேன்" என்றார். யார் கூட்டி வருவார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

சமையலறையில் தொங்கும் மாதக் காலண்டரில் அம்மா பால் கணக்கு எழுதுவார். அதற்குப் பக்கத்தில் இப்போது பேனாவால் ஒரு எண் எழுதி, வட்டம் போட்டிருக்கிறார்: 1,64,000. அடுத்த ஆயில் மாற்ற வேண்டிய கி.மீ. எழுதும்போது அப்பாவைப் பார்த்து ஒன்று சொன்னார்.

"ஏனுங்க, நீங்க மறந்தாலும் நான் மறக்க மாட்டேன். இது என்ற வண்டி."